டிஃபால்ட் பிரவுசரை மாற்றிய பிறகும் எட்ஜ் ஏன் திறக்கிறது?

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. டிஃபால்ட் பிரவுசரை ஃபயர்ஃபாக்ஸுக்கோ குரோமுக்கோ மாற்றியாகிவிட்டது, செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் காட்டுகிறது, ஆனால் ஸ்டார்ட் மெனுவில் எதையாவது தட்டித் தேடினால் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பிரவுசரான எட்ஜ்தான் திறக்கிறது, அதுவும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் பக்கத்தோடு. பலர் தாங்கள்தான் ஏதோ ஒரு படியை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து மாற்றிப் பார்க்கிறார்கள். அவர்கள் எதையும் விட்டுவிடவில்லை. அந்தத் தேடல் பெட்டி உங்கள் டிஃபால்ட் எது என்று கேட்பதே இல்லை. கேட்காதபடிதான் அதை எழுதியிருக்கிறார்கள்.

முதலில் மாற்றுகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அதற்குள் ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ். அங்கே வருகிற பட்டியலில் உங்களுக்கு வேண்டிய பிரவுசரின் பெயரைத் தொட்டால் மேலே 'செட் டிஃபால்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்த வேண்டும். விண்டோஸ் 10-இல் அதே டிஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் 'வெப் பிரவுசர்' என்ற தலைப்பின் கீழ் இப்போது இருப்பதைத் தொட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நிமிட வேலை. இந்த ஒரு நிமிட வேலைக்குப் பின்னால் முப்பது வருடச் சண்டை இருக்கிறது என்பதும், அந்தச் சண்டையில் கணினியின் சொந்தக்காரருக்கு இன்னும் முழு வெற்றி கிடைக்கவில்லை என்பதும்தான் விஷயம்.

ஒரு இணைப்பைச் சொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணினியில் இருக்கிற வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு செய்தி இணைப்பை அனுப்புகிறார், நீங்கள் அதைச் சொடுக்குகிறீர்கள். வாட்ஸ்அப்புக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டத் தெரியாது. அது முகவரியை அப்படியே விண்டோஸிடம் கொடுத்துவிடும். விண்டோஸ் அந்த முகவரியில் முக்காற்புள்ளிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். பெரும்பாலும் அங்கே 'ஹெச்டிடிபிஎஸ்' இருக்கும். இந்த முன்னொட்டு வந்தால் எந்த நிரலை எழுப்ப வேண்டும் என்று, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரிஜிஸ்ட்ரியில், உங்கள் பயனர் கணக்குக்குக் கீழே, ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் முகவரி போகும். டிஃபால்ட் பிரவுசரை மாற்றுவது என்றால் அடிப்படையில் அந்த ஒரு குறிப்பை மாற்றி எழுதுவதுதான். 'ஹெச்டிடிபி'-க்குத் தனிக் குறிப்பு, கணினியில் சேமித்து வைத்திருக்கிற ஹெச்டிஎம்எல் கோப்புக்குத் தனிக் குறிப்பு, பிடிஎஃப் கோப்புக்கு வேறொன்று.

இப்போது ஸ்டார்ட் மெனுவுக்கு வருவோம். அங்கே நீங்கள் தேடியதை விண்டோஸ் வழக்கமான முகவரியாக அனுப்புவதில்லை. அதற்கு முன்னால் 'மைக்ரோசாஃப்ட்-எட்ஜ்' என்று சொந்தமாக ஒரு முன்னொட்டைச் சேர்த்து அனுப்புகிறது. அந்த முன்னொட்டுக்குச் சொந்தக்காரர் எட்ஜ் மட்டும்தான். ஆகவே 'ஹெச்டிடிபிஎஸ்' குறிப்பில் நீங்கள் யார் பெயரை எழுதி வைத்திருந்தாலும் இங்கே அதற்கு வேலையே இல்லை. விட்ஜெட் பலகையில் வருகிற செய்திகளுக்கும் இதே கதிதான்.

இதைப் புரிந்துகொண்ட ஒரு நிரலாளர் எட்ஜ்டிஃப்ளெக்டர் என்று ஒரு சின்ன நிரலை எழுதி இலவசமாக விட்டார். அந்த முன்னொட்டைத் தான் வாங்கிக்கொண்டு, அதை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் உண்மையான முகவரியை உங்கள் பிரவுசரிடம் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. வருடக்கணக்கில் அது ஒழுங்காக ஓடியது. 2021 கடைசியில் விண்டோஸ் 11-க்கு வந்த புதுப்பிப்பில், அந்த முன்னொட்டை எட்ஜைத் தவிர வேறு எந்த நிரலும் கையாள முடியாதபடி மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. பாதுகாப்புக் கோளாறு என்றால் அடைப்பதில் நியாயம் உண்டு. இங்கே அடைபட்டது, தன் கணினியில் தனக்குப் பிடித்த பிரவுசர் திறக்க வேண்டும் என்று நினைத்த மனிதர்களின் வழி. இதை நான் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

ஆனால் மைக்ரோசாஃப்டின் பக்கத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2000-களின் கடைசியில் பிரவுசிங் சென்டர்களில் இருந்த கணினிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீடியோ பிளேயரையோ எழுத்துரு மாற்றியையோ பதிவிறக்கி 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனால், கூடவே பிரவுசரின் மேல்பகுதியில் டூல்பார் என்று ஒரு பட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். முகப்புப் பக்கம் மாறியிருக்கும், தேடுபொறி மாறியிருக்கும், சில நேரம் டிஃபால்ட் பிரவுசரே மாறியிருக்கும். விண்டோஸ் 7 வரைக்கும் அந்த ரிஜிஸ்ட்ரிக் குறிப்பை எந்த நிரல் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிடலாம் என்பதுதான் காரணம். ஒரு பிரவுசர் தன்னை டிஃபால்ட் ஆக்கிக்கொள்ள, திறந்தவுடன் மற்றொன்று பிடுங்கிக்கொள்ள, பயனரைக் கேட்காமலே அவர் கணினியில் இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தது.

2012-இல் வந்த விண்டோஸ் 8 இதற்கு ஒரு பூட்டுப் போட்டது. குறிப்பில் பிரவுசரின் பெயரோடு 'ஹாஷ்' என்று ஒரு சரிபார்ப்புக் குறியீடும் சேர்ந்தது. உங்கள் கணக்கின் அடையாள எண், பிரவுசரின் பெயர், குறிப்பு எழுதப்பட்ட நேரம், இவற்றோடு மைக்ரோசாஃப்ட் மட்டும் அறிந்த ஒரு ரகசியச் சரம், எல்லாவற்றையும் கலந்து அந்தக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு நிரல் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் குறியீடு பொருந்தாது, விண்டோஸ் அந்த மாற்றத்தை ஒதுக்கிவிடும். டூல்பார்க்காரர்களின் தொல்லை இதனால் குறைந்தது உண்மை. அதே பூட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஓப்பராவுக்கும் சேர்த்தே விழுந்தது. 'என்னை டிஃபால்ட் ஆக்கு' என்று பிரவுசருக்குள்ளேயே இருந்த பொத்தானை அழுத்தினால் அதன் பிறகு விண்டோஸின் பக்கம் ஒன்று திறக்கும், மீதி வேலையைப் பயனர்தான் அங்கே போய்ச் செய்ய வேண்டும்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது சங்கதி இன்னும் மோசமானது. பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தியவர்கள் 'எக்ஸ்பிரஸ் செட்டிங்ஸ்' என்ற விரைவு வழியை அழுத்தினால், அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்த பிரவுசர் போய் எட்ஜ் டிஃபால்ட் ஆகிவிட்டது. அப்போது ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்டின் தலைவர் சத்யா நாதெள்ளாவுக்கு வெளிப்படையாகவே ஒரு கடிதம் எழுதினார். பயனர்கள் முன்பே செய்திருந்த தேர்வை இந்த மேம்படுத்தல் தூக்கி எறிகிறது என்பதுதான் அதன் சாரம். அடுத்து 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இல், ஒரே தேர்வாக இருந்ததை ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியாக உடைத்தார்கள். ஹெச்டிஎம் ஒன்று, ஹெச்டிஎம்எல் ஒன்று, எக்ஸ்ஹெச்டி ஒன்று, எஸ்விஜி ஒன்று, வெப்பி ஒன்று, ஹெச்டிடிபி ஒன்று, ஹெச்டிடிபிஎஸ் ஒன்று என்று இறங்கி இறங்கி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இதில் பாதிப் பெயர்கள் என்னவென்றே சாதாரணப் பயனருக்குத் தெரியாது. டூல்பார்க்காரர்களைத் தடுக்க இது தேவைப்படவில்லை, அதைக் குறியீடே செய்துகொண்டிருந்தது. ஆட்களைச் சலிக்க வைத்துத் திருப்பி அனுப்புவதைத் தவிர இந்த உடைப்புக்கு வேறு பயன் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஃபயர்ஃபாக்ஸ் ஒரு காரியம் செய்தது. விண்டோஸ் அந்தக் குறியீட்டை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்து, தானே சரியான குறியீட்டை எழுதி, ஒரே அழுத்தலில் தன்னை டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளும்படி தன் நிரலை மாற்றியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜுக்கு அந்த வசதி ஏற்கெனவே இருந்தது, மற்றவர்களுக்குத்தான் இல்லை. பொதுவெளியிலும் எதிர்ப்பு பெருகவே, 2022 மார்ச் மாதத்தில் வந்த ஒரு புதுப்பிப்பில் நான் மேலே சொன்ன 'செட் டிஃபால்ட்' பொத்தானை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பொத்தானும் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ், ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல் ஆகிய நான்கை மட்டும்தான் மாற்றும்படி வந்தது. பிரவுசரை மாற்றிய பிறகும் மின்கட்டண ரசீதையோ ஹால் டிக்கெட்டையோ சொடுக்கினால் எட்ஜ் திறப்பதற்கு இதுதான் காரணம், பிடிஎஃப் அந்த நான்கில் இல்லை. 2024-இல் இன்னொரு பூட்டும் வந்தது. பயனர் தேர்வைப் பாதுகாக்கும் டிரைவர் என்ற பெயரில், விண்டோஸின் அடித்தளத்திலேயே இயங்கும் ஒரு நிரல், அந்த ரிஜிஸ்ட்ரிக் குறிப்புகளை வேறு நிரல்கள் தொட முடியாமல் காவல் காக்கிறது. பயனருக்கு நல்லதும் இருக்கிறது, ஒருபக்கச் சார்பும் இருக்கிறது, இரண்டும் ஒரே கோப்புக்குள். இந்த முழுக் கதைக்கும் இது பொருந்தும்.

சரி, ஒரு பிரவுசருக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? காசு கொடுத்து யாரும் பிரவுசர் வாங்குவதில்லையே?

இதற்கு 1990-களுக்குப் போக வேண்டும். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 1994 டிசம்பரில் வந்து சீக்கிரமே பெரும்பாலானவர்களின் பிரவுசர் ஆகிவிட்டது. எல்லா வேலையும் பிரவுசருக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தால் அடியில் இருப்பது விண்டோஸா வேறொன்றா என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்ற பயம் மைக்ரோசாஃப்டுக்கு வந்தது. தங்கள் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இலவசமாகக் கொடுத்தார்கள், பிறகு விண்டோஸோடு சேர்த்தே கட்டினார்கள், கணினி தயாரிப்பாளர்கள் நெட்ஸ்கேப்பை முன்னால் வைக்க முடியாதபடி ஒப்பந்தம் போட்டார்கள். 1997 ஆகஸ்ட் மாதத்தில் ஆப்பிள் தத்தளித்துக்கொண்டிருந்தபோது மைக்ரோசாஃப்ட் 150 மில்லியன் டாலர் முதலீடு செய்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த உடன்பாட்டின் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மேக் கணினிகளிலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் டிஃபால்ட் பிரவுசராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. போட்டியாளரின் கணினியில் கூட டிஃபால்ட் இடம் அவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கிறது. ஆப்பிள் தன் சொந்த சஃபாரியை 2003-இல்தான் கொண்டுவந்தது.

1998 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டன. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொன்னார். அடுத்த வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உடைப்பு உத்தரவை ரத்து செய்தாலும், ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டவிரோதமாக நடந்தது என்ற தீர்ப்பின் மையத்தை விடவில்லை. கடைசியில் சமரசம் ஆனது. அதன் விளைவாகத்தான் 2002-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக் என்ற பெரிய புதுப்பிப்பில், பிரவுசர், மின்னஞ்சல், மீடியா பிளேயர் என்று எதை டிஃபால்ட் ஆக்குவது என்று பயனரே தேர்ந்தெடுக்கிற ஒரு பக்கம் வந்தது. இன்று செட்டிங்ஸில் நாம் போய் நிற்கிற டிஃபால்ட் ஆப்ஸ் பக்கத்துக்கு அது முன்னோடி. அதற்குள் நெட்ஸ்கேப்பின் கதை முடிந்துபோயிருந்தது.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. 2007 டிசம்பரில் நார்வேயின் ஓப்பரா நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. அதன் முடிவில், 2010 மார்ச் முதல் ஐரோப்பாவில் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பிரவுசர் வேண்டும் என்று கேட்கிற ஒரு தேர்வுத் திரை காட்ட மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. மொத்தம் 12 பிரவுசர்கள். பெரிய ஐந்தும் முதல் பார்வையிலேயே தெரியும், மற்றவற்றுக்குப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். முதல் இடத்தில் இருப்பவருக்கு அதிகம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஐந்தின் வரிசையும் ஒவ்வொரு முறையும் குலுக்கலில் வர வேண்டும்.

திரை வந்த சில நாட்களிலேயே ஐபிஎம்மில் வேலை பார்த்த ராப் வேர் என்ற பொறியாளர் அந்தக் குலுக்கலைச் சோதித்துப் பார்த்தார். ஐந்து பேர், ஐந்து இடங்கள், யாரும் எந்த இடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வர வேண்டும். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கிட்டத்தட்டப் பாதி நேரம் கடைசியில், வலது ஓரத்தில், வந்து நின்றது. உள்ளே என்ன செய்திருந்தார்கள் என்றால், வரிசைப்படுத்தும் சாதாரணக் கட்டளையை எடுத்து, 'இந்த இரண்டில் எது முன்னால்' என்று அது கேட்கும்போதெல்லாம் பதிலுக்கு நாணயம் சுண்டிப் போட்டிருந்தார்கள். கேட்கும்போது சரியான வழி மாதிரித்தான் இருக்கும். ஆனால் வரிசைப்படுத்தும் கட்டளை எல்லோரையும் எல்லோரோடும் சம அளவில் ஒப்பிடுவதில்லை, அதனால் தொடக்கத்தில் இருந்த இடத்தின் தடம் முடிவிலும் மிஞ்சிவிடும். சரியான குலுக்கலுக்கு ஃபிஷர்-யேட்ஸ் என்று பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிற முறை ஒன்று உண்டு, சில வரிகளில் எழுதிவிடலாம். ராப் வேர் இதைச் சதி என்று சொல்லவில்லை, நிரல் எழுதியதில் நடந்த பிழை என்றே சொன்னார். மைக்ரோசாஃப்டும் விரைவில் திருத்தியது. கணினி அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கோடிக்கணக்கான பேர் பார்க்கப் போகிற, ஒரு சட்ட உத்தரவின் பெயரில் எழுதப்பட்ட நிரலில், குலுக்கல் குலுக்கலாக இருக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை பிறகு வந்தது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை விண்டோஸ் 7-இன் சர்வீஸ் பேக்கில் அந்தத் தேர்வுத் திரையே வரவில்லை. ஒன்றரைக் கோடிப் பேருக்கும் மேல் அதைப் பார்க்காமலே போனார்கள். தொழில்நுட்பப் பிழை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று 2013 மார்ச்சில் ஆணையம் 561 மில்லியன் யூரோ அபராதம் போட்டது.

இன்றைய பணம் தேடலில் இருக்கிறது. பிரவுசர் யாருடையதோ அவர் தேடல் பெட்டியில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறார், தேடல் யாரிடம் போகிறதோ விளம்பர வருமானம் அவரிடம் போகிறது. கூகுள் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பு இதை எண்களோடு காட்டியது. டிஃபால்ட் தேடுபொறியாக இருப்பதற்காகக் கூகுள் மற்ற நிறுவனங்களுக்கு 2021-இல் மட்டும் கொடுத்தது 26.3 பில்லியன் டாலர். சஃபாரியில் டிஃபால்ட்டாக இருக்க 2022-இல் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 20 பில்லியன். எல்லோரும் கூகுளைத்தான் விரும்புகிறார்கள், அதனால் டிஃபால்ட் பெரிய விஷயமில்லை என்று வாதாடுபவர்கள் அதே தீர்ப்பில் இருக்கிற இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். பிங் டிஃபால்ட்டாக இருக்கிற எட்ஜ் பிரவுசரில் சுமார் 80 சதவீதத் தேடல்கள் பிங்கில்தான் நடக்கின்றன. அமெரிக்காவில் மொத்தத் தேடல்களில் பெரும்பங்கு கூகுளிடம் இருக்கும்போதும், எட்ஜுக்குள் மட்டும் கணக்கு தலைகீழ். எட்ஜை விரும்பி எடுத்தவர்களில் பிங்கை விரும்புகிறவர்கள் கொஞ்சம் அதிகம் இருக்கலாம், ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணமாக முடியாது. ஆட்கள் மாற்றுவதில்லை. மாற்ற மாட்டார்கள் என்பது தெரிந்துதான் இவ்வளவு பணம் கைமாறுகிறது.

கூகுளை இதில் பாதிக்கப்பட்டவராகப் பார்க்க வேண்டாம். 2006-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 தன் தேடல் பெட்டியில் மைக்ரோசாஃப்டின் தேடலை வைத்தபோது அமெரிக்க நீதித்துறையிடம் போய் முறையிட்டது கூகுள். அடுத்தவர் பிரவுசரை நம்பி இருப்பது ஆபத்து என்பது அவர்களுக்கு அப்போதே புரிந்திருந்தது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, அதற்கு முன்பு கூகுள் டூல்பாரையும் பார்த்துக்கொண்டவர். பிறகு கூகுள் முகப்பிலும் ஜிமெயிலிலும் 'குரோமுக்கு மாறுங்கள்' என்று வந்த பெட்டிகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். டிஃபால்ட் இடத்தைப் பிடித்தவர் யாரானாலும் அதைத் தனக்காகத்தான் பயன்படுத்துகிறார்.

இப்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் பெரிய நிறுவனங்கள் மீது 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு ஏற்ப ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் விண்டோஸை மைக்ரோசாஃப்ட் மாற்றியது. அங்கே எட்ஜை முழுவதுமாக நீக்கிவிடலாம். டாஸ்க்பார் தேடலில் பிங்குக்குப் பதிலாக மற்றவர்களும் வர முடியும். 2025 ஜூனில் அறிவித்த மாற்றங்களின்படி, நீங்களாக எட்ஜைத் திறக்காத வரை 'என்னை டிஃபால்ட் ஆக்குங்கள்' என்று அது கேட்காது, விட்ஜெட் இணைப்புகள் உங்கள் பிரவுசரிலேயே திறக்கும், 'செட் டிஃபால்ட்' பொத்தானும் இன்னும் பல வகைகளைச் சேர்த்து மாற்றும். நிரல் எழுதியாகிவிட்டது, சோதித்தாகிவிட்டது, வேலையும் செய்கிறது. ஆனால் அந்தப் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கிடையாது.

ஆகவே பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கிற தமிழருக்குக் கிடைக்கிற விண்டோஸ் வேறு, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்குக் கிடைப்பது வேறு. ஒஸ்லோவில் இருப்பவருக்கு உண்டு, ஏனென்றால் நார்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. அதே ஐரோப்பாவில் சூரிச்சில் இருப்பவருக்கு இல்லை, சுவிட்சர்லாந்து அந்தப் பகுதியில் சேரவில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டனில் இருப்பவருக்கும் இல்லை. கணினியை முதன்முதலில் அமைக்கும்போது எந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் விண்டோஸ் இதை முடிவு செய்கிறது. பிறகு செட்டிங்ஸில் நாட்டை மாற்றினாலும் இது மாறாது, கணினியை ரீசெட் செய்து முதலிலிருந்து அமைத்தால்தான் உண்டு. 'தொழில்நுட்ப ரீதியாக எட்ஜை நீக்க முடியாது, அது விண்டோஸோடு பின்னிப் பிணைந்தது' என்ற மாதிரியான பதில்கள் இனி எடுபடாது. முடியும், சட்டம் கேட்ட இடத்தில் செய்தும் காட்டிவிட்டார்கள்.

இந்தியாவில் சட்டம் ஒன்றுமே கேட்கவில்லையா என்றால், கொஞ்சம் கேட்டிருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதைத் தொடர்ந்து இந்தியாவில் புதிதாக ஆண்ட்ராய்டு கைபேசியை அமைக்கும்போது டிஃபால்ட் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுப்பதாக 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. கணினி பக்கம் இந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பெரிய டிஜிட்டல் நிறுவனங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்துகிற டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. ஐரோப்பியச் சட்டத்தின் போக்கில் எழுதப்பட்ட வரைவுதான் அது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இன்னொரு பக்கம் இருக்கின்றன. பயனரை ஏமாற்றும் வடிவமைப்புகள் என்று 13 வகைகளை அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள், அவற்றில் ஒன்று திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது. குரோமைப் பதிவிறக்கப் போகும்போது 'எட்ஜும் அதே தொழில்நுட்பத்தில்தான் இயங்குகிறது, கூடவே மைக்ரோசாஃப்டின் நம்பகத்தன்மையும் இருக்கிறது' என்கிற பொருளில் குறுக்கே ஒரு பட்டை வருவதும், பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகளுக்குத் திரும்புமாறு முழுத்திரையில் கேட்பதும் அந்த வகையில் சேர வேண்டும் என்பது என் கருத்து.

உள்ளூர்ப் பிரவுசர் ஒன்றும் இப்போது இருக்கிறது. சென்னையிலிருந்து வளர்ந்த ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதத்தில் 'உலா'வை வெளியிட்டது. இந்திய அரசு நடத்திய பிரவுசர் உருவாக்கும் போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்ததை 2025 மார்ச்சில் அறிவித்தார்கள், பரிசு ஒரு கோடி ரூபாய். தகவல் திருட்டைத் தடுப்பதை முன்னிறுத்துகிற பிரவுசர், நல்ல விஷயம். ஆனால் எவ்வளவு நல்ல பிரவுசராக இருந்தாலும் விண்டோஸில் அது போய் நிற்பது அதே செட்டிங்ஸ் பக்கத்தில்தான், ஸ்டார்ட் மெனுவின் முன்னொட்டு அதற்கும் வழிவிடாது. பரிசு கொடுத்த அரசு இதையும் யோசிக்க வேண்டும்.

பிரவுசரை மாற்றும்போது இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா, விவால்டி, உலா எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து பக்கங்களைக் காட்டுவது குரோமியம் என்ற ஒரே இயந்திரம், அதன் பெரும்பகுதி வேலையைச் செய்வது கூகுள். ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோவும் சஃபாரியின் வெப்கிட்டும்தான் தனியாக நிற்கிற பெரிய இயந்திரங்கள். விளம்பரத் தடுப்பு நீட்சிகள் எந்த அளவுக்கு வேலை செய்யலாம் என்பது போன்ற முடிவுகள் இயந்திரத்தின் மட்டத்தில் எடுக்கப்படுகின்றன. அப்படி ஒரு முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மாறுகிறீர்கள் என்றால், ஒரு குரோமியத்திலிருந்து இன்னொரு குரோமியத்துக்குப் போவதில் அதிகம் மாறிவிடாது.

மேக்கில் இந்தத் தொல்லைகள் குறைவு. சிஸ்டம் செட்டிங்ஸில் 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' என்ற பகுதியில் டிஃபால்ட் வெப் பிரவுசர் இருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றாலும், மாற்றினால் மாறும். லினக்ஸில் உபுண்டு மாதிரியான வகைகளில் செட்டிங்ஸிலேயே டிஃபால்ட் ஆப்ஸ் பகுதி உண்டு, குறிப்பு உங்கள் ஹோம் கோப்புறைக்குள் சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கும், யாரும் அதற்குக் காவல் போடுவதில்லை.

விண்டோஸில் இப்போதைக்குச் செய்யக்கூடியவை இவை. 'செட் டிஃபால்ட்' அழுத்திய பிறகு அதே பக்கத்தில் கீழே இறங்கி பிடிஎஃப், எஸ்விஜி ஆகியவற்றையும் பார்த்து மாற்றுங்கள். அலுவலகத்தில் அவுட்லுக் பயன்படுத்துகிறவர்கள் அதன் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் போய், இணைப்புகள் எதில் திறக்க வேண்டும் என்ற இடத்தில் 'டிஃபால்ட் பிரவுசர்' என்று வைக்க வேண்டும். 2023 முதல் அவுட்லுக்கும் டீம்ஸும் கணினியின் அமைப்பைப் பார்க்காமல் எட்ஜில் திறக்க ஆரம்பித்துவிட்டன. பெரிய புதுப்பிப்பு முடிந்து 'பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகள்' என்று திரை வந்தால் அவசரப்பட்டு ஏற்காமல், என்னவெல்லாம் மாறும் என்று படித்துவிட்டு வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் இணையத்தைத் தேடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு நேரடியாக உங்கள் பிரவுசரைத் திறந்து அங்கே தேடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் புதுக் கணினி வாங்கிக் கொடுக்கிறவர்கள் முதல் நாளே இவற்றைச் செய்து கொடுத்துவிடுங்கள், அப்புறம் அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள், திறப்பது எதுவோ அதையே பயன்படுத்திக்கொண்டு போய்விடுவார்கள்.